டோல்கேட்டுக்கு வடக்கே தடுப்பு, தெற்கே தாக்குதல்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் விக்கிரவாண்டி டோல்கேட் எதற்காக நிற்கிறது என்று கேட்டால், வண்டிகளை நிறுத்தி வசூல் பண்ணுவதற்காக என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். கால்பந்தில் யார் தாக்க வேண்டும், யார் தடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்காகவும்தான் அது நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த பெருமை விழுப்புரம் – திண்டிவனம் ஒருங்கிணைந்த கால்பந்து மேம்பாட்டுக் கழகத்தைச் சேரும். திண்டிவனத்தில் அச்சடித்த லெட்டர்பேடில் இதே கழகத்துக்குத் திண்டிவனம் – விழுப்புரம் ஒருங்கிணைந்த கால்பந்து மேம்பாட்டுக் கழகம் என்று பெயர். இரண்டும் ஒன்றுதான். ஒன்றுதான் என்று இரண்டு ஊர்க்காரர்களையும் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஒரு பொதுக்குழு கலைந்துபோனது வேறு விஷயம்.

தலைவர் தாண்டவராயனுக்கு விழுப்புரத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அவர் தாக்குதல் கட்சி. பந்து காலுக்கு வந்தால் முன்னால் உதைக்க வேண்டும், உதைத்த பிறகு மற்றதை யோசிக்கலாம் என்பது அவர் கொள்கை. ஒரு தொடக்க விழாவில் அவரே பந்தை உதைத்து இதைச் செய்து காட்டினார். அன்று பந்தைவிட அவருடைய செருப்பு அதிக தூரம் போனது.

செயலாளர் சீனுவாசன் திண்டிவனத்தில் வக்கீல். அவர் தடுப்புக் கட்சி. கோல் வாங்காத அணி தோற்றதாக உலகத்தில் எங்கேயும் சரித்திரம் இல்லை என்பார். அது உண்மைதான். கோல் போடாத அணி ஜெயித்ததாகவும் சரித்திரம் இல்லையே என்று ஒருவர் கேட்டார். அவர் இப்போது கழகத்தில் இல்லை.

இப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், யாருடைய உதவியும் இல்லாமல், பெண்கள் அணி மண்டலப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்து தொலைத்தது. கடலூரை ஜெயித்தால் மறுநாள் காலையே சென்னையில் மாநிலப் போட்டி. இப்படி ஒரு நிலைமை வரும் என்று கழகம் எதிர்பார்க்கவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினார்கள். கூட்டம் விழுப்புரத்திலா திண்டிவனத்திலா என்பதில் ஒரு வாரம் போனது. கடைசியில் டோல்கேட் அருகே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தார்கள். அந்த ஓட்டல் ஜன்னல் வழியாக டோல்கேட்டைப் பார்த்தபோதுதான் யாருக்கோ அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

தீர்மானத்தைப் பெண்களிடம் படித்துக்காட்டும் வேலை பயிற்சியாளர் புகழேந்தியின் தலையில் விழுந்தது. அவர் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியர். எல்லாவற்றுக்கும் சரிங்க சார் சொல்லிச் சொல்லியே தற்காலிகத்தை நிரந்தரமாக வைத்துக்கொண்டிருப்பவர்.

"எல்லாரும் கவனிங்க. டோல்கேட்டுக்குத் தெக்க வூடு இருக்கறவங்க அட்டாக். வடக்க வூடு இருக்கறவங்க டிஃபென்ஸ். ரேஷன் கார்டு எடுத்துக்கினு வரச் சொன்னேனே, எடுத்தாந்தீங்களா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க் கலையரசி கையைத் தூக்கினாள்.

"சார், நான் ஃபார்வர்டு சார்."

புகழேந்தி அவளுடைய கார்டை வாங்கிப் பார்த்தார். "நீ ஃபார்வர்டுதாம்மா. ஆனா உன் ரேஷன் கார்டு டிஃபென்ஸு."

இந்தத் தொடரில் அணி போட்ட கோல்களில் பெரும்பாலானவை கலையரசியின் காலிலிருந்து போனவை. பந்து கிடைத்தால் அவளைப் பிடிக்க முடியாது. தடுப்பாட்டம் அவளுக்குச் சுத்தமாக வராது. எதிரி வந்தால் வழிவிட்டு நிற்கிற மரியாதை தெரிந்த பெண். அதேபோல் கெடார்க் கவிதா. வாட்டசாட்டமான உடம்பு. அவளைத் தாண்டி ஒரு பந்து போக வேண்டும் என்றால் பந்து ரொம்பக் கெஞ்ச வேண்டும். கெடார் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆகவே அவள் தாக்குதல்.

"எனக்கு கோல் போட வராது சார்," என்றாள் கவிதா. "பந்தப் பாத்தா தூக்கி வெளிய அடிக்கத்தான் தெரியும்."

"கத்துக்கோம்மா. நாளான்னிக்கு மேட்ச்."

விக்கிரவாண்டியிலேயே வீடு இருந்த பானுப்ரியாவை என்ன செய்வது என்று கமிட்டி நெடுநேரம் திணறியது. அவள் அப்பாவின் பரோட்டாக் கடை டோல்கேட்டுக்கு நேர் எதிரில் இருந்தது. நடுக்கோட்டின் மேலேயே அவள் நிற்க வேண்டும், எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று முடிவானது. "நான் இன்னா, நட்டு வெச்ச கல்லா?" என்று பானுப்ரியா கேட்டாள். கோல்கீப்பர் பொதுச்சொத்து. மீதி ஒன்பது பேர். ஒன்பதை இரண்டு ஊருக்கும் சமமாகப் பிரிக்க முடியாது. கமிட்டி கொஞ்சமும் தயங்கவில்லை. ஒருத்தியை உட்கார வைத்துவிட்டுப் பத்துப் பேரோடு ஆடுவது என்று ஏகமனதாக முடிவெடுத்தது. ஆள் குறைந்தாலும் ஒற்றுமை குறையக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஷரத்து கடைசியில் இருந்தது. நடுக்கோட்டைத் தாண்டுகிற பெண் உடனே வெளியே அழைக்கப்படுவாள். அணி ஜெயித்தாலும் மாநிலப் போட்டிக்கான குழுவில் அவள் பெயர் இருக்காது.

கலையரசி கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். இது அவளுடைய கடைசி வாய்ப்பு. மாநிலப் போட்டியில் ஆடினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது வேலைக்கு எழுதிப் போட முடியும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் அவள் தெருமுனைக்கு ஷூ கம்பெனி வேன் வரும். அம்மா சவுரியம்மாள் கம்பெனியில் சொல்லிவைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போய்ப் போய் முதுகு போய்விட்டது. அவளும் எவ்வளவு நாள்தான் காத்திருப்பாள்?

"திங்கக்கிழம காலைல ஒண்ணு மெட்ராசு பஸ்ஸு, இல்ல கம்பெனி வேனு," என்றாள் சவுரியம்மாள். "எதுல ஏர்றன்னு நீயே பாத்துக்க."

"பின்னால நிக்கச் சொல்றாங்கம்மா."

"எங்க நிக்கச் சொன்னா இன்னா? பந்து எங்க போவுதோ அங்க போ."

"போனா வெளிய அனுப்பிடுவாங்க."

சவுரியம்மாளுக்கு இது புரியவில்லை. புரியாததில் ஆச்சரியம் இல்லை. அவள் எந்தக் கமிட்டியிலும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் விக்கிரவாண்டியில் ஹைவே ஓரமாக இன்னும் விலைபோகாத ஒரு மனைப்பிரிவில் நடந்தது. மஞ்சள் கற்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். மற்றக் கோடுகள் ஏனோதானோ. நடுக்கோடு மட்டும் விரல் பருமனுக்குக் கனமாக, வெள்ளை வெளேர் என்று, கல்யாண வீட்டுக் கோலம்போல் இருந்தது. தெற்குப் பாதியில் தலைவருக்கு ஒரு ஷாமியானா, சோபா, மைக். வடக்குப் பாதியில் செயலாளருக்கு ஒரு ஷாமியானா, சோபா, மைக். கோட்டின் இரு முனையிலும் எல்லைக் கண்காணிப்பாளர்கள் என்று ஆளுக்கொரு சிவப்புத் துண்டோடு இரண்டு பேர். ஆட்டக்காரிகள் யாராவது தாண்டினால் துண்டை ஆட்டுவது அவர்கள் வேலை.

முதலில் தலைவர் பேசினார்.

"இந்தப் பிள்ளைகள் ஆடி நான் ஒரு நாளும் பார்த்தது கிடையாது. பார்க்காமலேயே நம்பிக்கை வைப்பவன்தான் உண்மையான தலைவன். தாக்குங்கள்! யாரை, எப்படி என்பதைப் பயிற்சியாளர் சொல்வார்."

அடுத்து செயலாளர்.

"சென்ற ஆண்டு முழுவதும் நமது அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. அது நமது தடுப்புக் கொள்கைக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி. நாம் வாங்கிய கோல்கள் அனைத்தும் அப்போதைய கோல்கீப்பரின் தனிப்பட்ட பலவீனம். அவர் நீக்கப்பட்டுவிட்டார்."

நடுவர் தேவநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். பல மாவட்டங்களில் விசில் ஊதியவர். எதற்கும் அதிர்ச்சியடைவதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தார். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது இரு அணியும் அவரவர் பாதியில்தான் நிற்க வேண்டும், கழகத்தின் அணிக்கு வடக்குப் பாதி என்று அவர் சொன்னபோது, தலைவர் தரப்பில் பெரிய சலசலப்பு. விழுப்புரத்துப் பெண்கள் வடக்குப் பாதியில் கால் வைப்பதா? அதற்கும் ஒரு துணைத் தீர்மானம் போட்டார்கள். விசில் ஊதும்வரை விழுப்புரத்துப் பெண்கள் வடக்கில் விருந்தாளிகளாக நிற்கலாம். ஊதியவுடன் வீடு திரும்பிவிட வேண்டும்.

விசில் ஊதியது. விருந்தாளிகள் நால்வரும் அடித்துப் பிடித்துத் தெற்கே ஓடினார்கள். கடலூர்ப் பெண்கள் ஒரு கணம் பந்தை மறந்து அவர்களைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கால்பந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலையரசி வடக்கே தன் கோல் பக்கத்தில் நின்றாள். பந்து வந்தது. அவள் கால் அவளைக் கேட்காமலே ஓடத் தொடங்கியது. ஒருத்தியை ஏமாற்றினாள், இன்னொருத்தியை ஏமாற்றினாள். முன்னால் தெற்குப் பாதி முழுக்கத் திறந்து கிடந்தது. கோடு வந்தது. துண்டுக்காரர்கள் இரண்டு பேரும் துண்டை ஓங்கினார்கள். கலையரசி கட்டை விரலை ஊன்றி நின்றாள். உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் மட்டும் பின்னால் நின்றது. பந்தைப் பானுப்ரியாவிடம் தட்டிவிட்டாள். பானுப்ரியா கோட்டின் மேலேயே இரண்டடி இடம் நகர்ந்து, கவிதாவிடம் தள்ளினாள்.

கவிதா கடலூர்க் கோலுக்கு வெகு அருகில் நின்றுகொண்டிருந்தாள். கோல்கீப்பர் விழுந்து கிடந்தாள். பந்தை மெதுவாகத் தட்டினால் போதும். கவிதா பந்தைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள். ஆபத்து என்று அவளுடைய உடம்பு சொன்னது. முழு பலத்தையும் கூட்டிப் பந்தை ஓங்கி உதைத்து, கோலை விட்டு வெகு தூரம், நடுக்கோட்டையும் தாண்டி, வடக்குப் பாதிக்கே அனுப்பிவிட்டாள்.

"சூப்பர் கிளியரன்ஸு!" என்று பழக்க தோஷத்தில் கத்திவிட்டுப் புகழேந்தி வாயைப் பொத்திக்கொண்டார்.

கடலூர்ப் பெண்கள் முட்டாள்கள் இல்லை. பானுப்ரியா ஒருத்தியைச் சுற்றி நின்றுகொண்டால் வேலை முடிந்தது என்று புரிந்துகொண்டார்கள். பிறகு சாவகாசமாக வடக்கே வந்தார்கள். கலையரசி பழக்கப்படி வழிவிட்டாள். பந்து வலைக்குள் விழுந்தது. ஒன்று – பூஜ்யம்.

"தடுப்பு முறையாக நடந்தது," என்று செயலாளர் மைக்கில் சொன்னார். "கோல் விழுந்தது தற்செயல்."

"தாக்குதலும் முறையாகத்தான் நடந்தது," என்று தெற்கிலிருந்து தலைவரின் மைக் பதில் சொன்னது.

இடைவேளை விசில் ஊதியபோது கலையரசி புல்லில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழவில்லை. கம்பெனி வேனின் ஹாரன் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தேவநாதன் ஷாமியானாக்களைப் பார்த்துச் சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"ரெண்டாவது பாதி. பக்கம் மாத்திக்குங்க."

இரண்டு ஷாமியானாக்களிலும் தீர்மானத்தை எடுத்து மறுபடி படித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். இது சந்தில் ஆடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அத்தனை பெரிய கமிட்டியில் அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. டோல்கேட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு அது பக்கம் மாறும் என்று தோன்ற நியாயமில்லை.

தலைவர் சோபாவிலிருந்து எழுந்தார். "பக்கம் மாறுதுன்னா? நான் வடக்க போயி உக்காரணுமா?"

"டீம் மாறும் சார். நீங்க எங்க உக்காந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் நடுவர்.

செயலாளர் அங்கிருந்தே மைக்கில் குரல் கொடுத்தார். "வடக்குப் பாதி திண்டிவனத்துக்குச் சொந்தம்னு தீர்மானத்துல தெளிவா இருக்கு! எங்க பாதிய நாங்க யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டோம்!"

"நாங்க மட்டும் தெக்குப் பாதியத் தூக்கிக் குடுத்துடுவமா? எங்க பொண்ணுங்க அந்த மண்ண விட்டு ஒரு அடி நவுர மாட்டாங்க!"

புகழேந்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைவரிடம் போனார்.

"சார், அப்ப நம்ம விழுப்புரத்துப் பொண்ணுங்க எங்க நிக்கணும்?"

"தெக்க! இதுல இன்னாய்யா டவுட்டு உனக்கு?"

"சரிங்க சார்."

ஓட்டமாக வடக்கே போனார். "சார், திண்டிவனத்துப் பொண்ணுங்க?"

"வடக்கேதான். தெற்கே ஒரு கால் வைத்தால் பேரை எடுத்துவிடுவேன்."

"சரிங்க சார்."

தன் வாழ்நாளில் சொன்ன சரிங்க சார்களிலேயே இவை இரண்டும்தான் சரியானவை என்று புகழேந்தி பிறகு சொன்னார். திரும்பி வந்து பெண்களை வட்டமாக உட்கார வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப நம்ம கோலு தெக்க. அவங்க கோலு வடக்க. எல்லாரும் முன்ன நின்ன எடத்துலயே நிக்கறீங்க. யாரும் கோட்டத் தாண்ட வேணாம். புரியுதா?"

முதலில் கவிதாவுக்குத்தான் புரிந்தது. தெற்கே தங்கள் கோலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே தன் பின்னால் ஒரு வலை நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. கலையரசி வடக்கே பார்த்தாள். கடலூரின் கோல் நேர் எதிரில் இருந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் எந்தக் கோடும் இல்லை. அவள் கத்த வாயைத் திறந்தாள்.

"ஏ, கத்தாதீங்க," என்றாள் பானுப்ரியா தணிந்த குரலில். "அவுங்களுக்குப் புரிஞ்சிடப் போவுது. மூஞ்ச சோகமா வெச்சிக்குங்க."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனார்கள். இந்தத் தடவை விருந்தாளிகள் திண்டிவனத்துக்காரர்கள். விசில் ஊதியதும் அவர்கள் வடக்கே வீடு திரும்பினார்கள்.

இதற்குப் பிறகு கவிதாவைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. கடலூர்க்காரிகள் வலப்பக்கம் வந்தார்கள், இடப்பக்கம் வந்தார்கள், கடைசியில் கும்பலாகவும் வந்துபார்த்தார்கள். கவிதா ஒவ்வொரு பந்தையும் தூக்கி நடுக்கோட்டுக்கு அனுப்பினாள். பானுப்ரியா அசையாமல் நின்றபடி அதை வடக்கே திருப்பினாள். கலையரசி ஓடினாள். இந்தத் தடவை கால் நிற்கவில்லை. முதல் கோல் செயலாளரின் சோபாவுக்கு நேர் எதிரில் விழுந்தது. ஒன்று – ஒன்று.

கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. செயலாளர் கையைத் தட்டத் தூக்கினார். பாதியில் நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். முகம் கறுத்தது.

"யாரது? திண்டிவனத்துப் பெண்தானே? என் கண்ணெதிரிலேயே தாக்குகிறாளா?" அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "கலையரசி! தடு! தடு!"

"எதத் தடுக்கறது சார்?" என்று கலையரசி ஓடிக்கொண்டே கேட்டாள்.

அவளுக்கு முன்னால் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே இருந்தது எதிரணியின் கோல். தெற்கிலோ தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய விழுப்புரம், தாக்குதலின் தாய்வீடு, வரிசையாக நின்று தடுத்துக்கொண்டிருந்தது. "முன்னால போங்கடி!" என்று அலறினார். முன்னால் போனால் கோட்டைத் தாண்ட வேண்டும். துண்டுக்காரர்கள் துண்டை ஓங்கினார்கள். பெண்கள் நின்றார்கள். தன் துண்டுக்காரரிடமே தலைவர் "துண்ட கீழ எறக்குய்யா!" என்றார். "தீர்மானம் சார்," என்றார் துண்டுக்காரர். அவர் நேர்மையான மனிதர்.

கடைசி நிமிடங்கள். கலையரசிக்கு மூச்சு இரைத்தது. பத்துப் பேர் பதினொன்றை எதிர்த்து எவ்வளவு நேரம்தான் ஓட முடியும்? செயலாளர் அவளை வெளியே கூப்பிடச் சொல்லிப் புகழேந்தியிடம் ஆள் அனுப்பினார். புகழேந்தி ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். அவர் செருப்பு போட்டிருந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஆள் அவர் முதுகிடம் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கவிதாவின் உதை ஒன்று வானத்தில் எழும்பியது. பானுப்ரியா எம்பித் தலையால் முட்டினாள். கலையரசி அதை நெஞ்சில் வாங்கினாள். ஒருத்தி காலை நீட்டினாள், இவள் தாண்டினாள். கோல்கீப்பர் முன்னால் வந்தாள். கலையரசி கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாள்.

இரண்டு – ஒன்று. தேவநாதன் நீளமாக விசில் ஊதினார்.

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். கலையரசி மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். சென்னை பஸ் என்று ஒரு தடவை உரக்கச் சொன்னாள்.

ஆனால் இரண்டு ஷாமியானாக்களிலும் ஒருவரும் சிரிக்கவில்லை. கழகத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாகத் தலைவரும் செயலாளரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்துக்காக எழுந்து நடந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டு நடுவரைக் கூப்பிட்டார்கள்.

"நாங்க புகார் குடுக்கணும்," என்றார் தலைவர்.

"யார் மேல?"

"எங்க டீம் மேல."

நடுவர் தன் கொள்கையை மறந்து லேசாக அதிர்ச்சியடைந்தார். "ஜெயிச்ச டீமு புகார் குடுக்க ரூல் இல்லீங்களே."

"விழுப்புரத்துப் பொண்ணுங்க தடுத்து ஜெயிச்ச ஜெயம் எங்களுக்கு வேணாம்," என்றார் தலைவர். "நாளைக்கி நான் ஊருக்குள்ள எப்படி மூஞ்ச காட்டுவேன்?"

"முப்பது வருடக் கொள்கை," என்றார் செயலாளர். குரல் தழுதழுத்தது. "தோற்றிருந்தால்கூடக் கொள்கையோடு தோற்றிருப்போம். எங்களுக்கு அது பழக்கம். இப்படி அநியாயமாக ஜெயிக்க வைத்துவிட்டார்களே!"

புகாருக்கு வழியில்லை என்று தேவநாதன் கையை விரித்தார். அப்படியானால் மாநிலப் போட்டியிலிருந்தே அணியை வாபஸ் வாங்குகிறோம் என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல். அதற்கு விதி இருந்தது. தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், மாநிலப் போட்டிக்குக் கடலூர் அணி போகும்.

"நான் கார்னர் கொடிக் கம்பு நாலையும் கழட்டிக்கினு பஸ் ஏறிடுவேன். அதுக்குள்ள ஜல்தியா குடுங்க," என்றார் நடுவர்.

பெண்கள் சத்தம் அடங்கியது. கலையரசி எழுந்து நின்றாள். அத்தனை ஓட்டமும் ஒரு வெள்ளைத்தாளில் போகப்போகிறது. எனக்கு இந்த இடத்தை எழுதும்போதுகூட ஆத்திரம் வருகிறது.

மேஜை வந்தது. தாள் வந்தது. பேனாவும் வந்தது.

"வாங்க, இப்படி வந்து போடுங்க," என்றார் தலைவர் தெற்கிலிருந்து.

"நான் ஏன் அங்கே வர வேண்டும்? நீங்கள் இங்கே வாருங்கள்," என்றார் செயலாளர் வடக்கிலிருந்து.

கொஞ்ச நேரம் வாக்குவாதம். பிறகு ஒரு சமரசம். மேஜையைச் சரியாக நடுக்கோட்டின் மேல் போட வேண்டும். இரண்டு கால் அந்தப் பக்கம், இரண்டு கால் இந்தப் பக்கம். இரண்டு பேரும் அவரவர் மண்ணில் நின்றுகொண்டே இரண்டு பேனாவால் ஒரே நேரத்தில் கையெழுத்திடலாம். ஆட்கள் மேஜையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு வந்தார்கள்.

கலையரசி ஓடினாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நடுக்கோட்டின் ஒரு முனையில் போய் நின்றாள். இன்னும் கனமாகத்தான் இருந்தது, வெள்ளை வெளேர் என்று. அவள் வலது காலைக் கோட்டின் மேல் வைத்துத் தேய்த்தாள். சுண்ணாம்பு மண்ணோடு கலந்து சாம்பலாகிப் போனது. இன்னும் ஒரு அடி தேய்த்தாள்.

"ஏய், இன்னா பண்ற?" என்றார் துண்டுக்காரர்.

"கால் வலிக்குதுண்ணா. இழுத்து இழுத்து நடக்கறேன்."

மறுமுனையிலிருந்து கவிதாவுக்கும் திடீரென்று கால் வலித்தது. பானுப்ரியாவுக்கு இரண்டு கால்களும் வலித்தன. ஆட்டம் முழுக்க அந்தக் கோட்டின் மேலேயே நின்றவள் அவள்தான், அவளுக்கு இல்லாத வலியா? விழுப்புரத்துப் பெண்களும் திண்டிவனத்துப் பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நடந்தார்கள். உட்கார வைக்கப்பட்டிருந்த பதினோராவது பெண்ணும் வந்து சேர்ந்துகொண்டாள். ஆடாமலே அவளுக்கும் கால் வலித்தது. மேஜை வந்து சேர்ந்தபோது அங்கே கோடு இல்லை. ஒரே சீராக மண் மட்டும் இருந்தது.

"கோடு எங்கய்யா?" என்றார் தலைவர்.

"இங்கேதான் இருந்தது," என்றார் செயலாளர். "நீங்கள் ஒரு அடி வடக்கே வந்து நிற்கிறீர்கள்."

"நானா? நீதான்யா தெக்க வந்து நிக்கற!"

மனை அளக்கிற டேப்பைக் கொண்டுவந்தார்கள். தலைவரின் ஆள் தெற்கு மூலையிலிருந்து அளந்து ஒரு நடுவைக் கண்டுபிடித்தார். செயலாளரின் ஆள் வடக்கு மூலையிலிருந்து அளந்து இன்னொரு நடுவைக் கண்டுபிடித்தார். இரண்டு நடுவுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழத்துக்காக மறுபடியும் அளந்தார்கள். தேவநாதன் மூன்றாவது கொடிக் கம்பைக் கழற்றினார். பேனாக்கள் மூடி திறந்தபடியே இருந்தன. தேவநாதன் நான்காவது கம்பை வழக்கத்தைவிட வேகமாகக் கழற்றினார் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்புகளைத் தோளில் சாத்திக்கொண்டு ஹைவேயைப் பார்த்து நடந்தார். பஸ் வந்தது. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

அங்கே இருவரும் இன்னும் அளந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஓமந்தூர்த் தெருமுனையில் ஷூ கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. சவுரியம்மாள் வீட்டை விட்டு வெளியே வந்தாள்.

"கலையரசி வர்லியாக்கா?" என்றார் டிரைவர்.

"அது மெட்ராசுக்கு ஆடப் போய்க்கினு இருக்குது."

"அப்படியா? எங்க ஆடுது, முன்னாலயா பின்னாலயா?"

சவுரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இன்னா, கமிட்டில கீறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.